கடலின் அசலும் வட்டியும்: வீட்டுத் தொட்டிக்கு வரும் பவளப்பாறை மீன்கள்

பல் மருத்துவரின் காத்திருப்பு அறை, உணவகத்தின் முகப்பு, துணிக்கடையின் மாடிப்படி ஓரம் என எங்கு நோக்கினும் இன்று கண்ணாடித் தொட்டியில் மீன்கள் நீந்துகின்றன. நடுத்தரக் குடும்பங்களின் வரவேற்பறைகளிலும் அவை இடம் பிடித்துவிட்டன. குழந்தைகளுக்கு மகிழ்ச்சி, பெரியவர்களுக்குச் சற்று நேர மன அமைதி. இதில் யாருக்கு என்ன நட்டம் என்று நாம் எளிதாகக் கேட்டுவிடலாம். தொட்டியில் இருப்பது நன்னீரா, உப்புநீரா என்பதைப் பொறுத்து அக்கேள்விக்கான விடை மாறுகிறது என்பதே இக்கட்டுரையின் செய்தி.

தங்கமீன், கப்பி, மோலி, ஏஞ்சல் போன்ற நன்னீர் மீன்களில் மிகப் பெரும்பாலானவை பண்ணைகளில் பிறந்து வளர்ந்தவை. சென்னைக் கொளத்தூரிலும் கொல்கத்தாவின் புறநகர்களிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அவற்றை வளர்த்துப் பிழைக்கின்றன. உப்புநீர்த் தொட்டியின் கதை வேறு. அங்கே மின்னும் நீலமும் மஞ்சளும் செம்மஞ்சளுமான மீன்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வெப்பமண்டலக் கடலின் பவளப்பாறையிலிருந்து வலையிட்டுப் பிடிக்கப்பட்டவை. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் உலகப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, ஆண்டுதோறும் 2 கோடி முதல் 2.4 கோடி கடல்வண்ண மீன்கள் உலகச் சந்தையில் விற்பனையாயின. அவை 1,471 இனங்களைச் சேர்ந்தவை. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், இலங்கை, மாலத்தீவு முதலிய நாடுகள் அனுப்புகின்றன. அமெரிக்காவும் ஐரோப்பாவும் மிகுதியாக வாங்குகின்றன.

காட்டுப் பறவையைப் பிடித்துக் கூண்டில் அடைப்பது தவறு என்று சட்டமும் சமூகமும் ஏற்றுக்கொண்ட பின்னர், கடல் மீனை மட்டும் பிடித்துத் தொட்டியில் விடலாமா? விடலாம் என்போரும் கூடாது என்போரும் பல ஆண்டுகளாக வாதிட்டு வருகின்றனர். இவ்வழக்கு மிகத் தெளிவாக நடந்தேறிய இடம் அமெரிக்காவின் ஹவாயி மாநிலம். இரு தரப்பினரும் சான்றுகளோடு பேசியதால் அங்கிருந்தே நாமும் தொடங்குவோம்.

மஞ்சள் இலையின் பெயர் கொண்ட மீன்

ஹவாயித் தீவுகளில் மிகப் பெரியதற்கும் ஹவாயி என்றே பெயர். அதன் மேற்குக் கரை சுமார் 235 கிலோமீட்டர் நீளமுடையது. அக்கரையோரப் பவளப்பாறைகளில் திரளாக வாழ்வது ‘மஞ்சள் டாங்’ என்னும் மீன். உள்ளங்கை அகலம், எலுமிச்சை நிறம். பாறைமேல் படரும் பாசியை மேய்ந்து, பவளம் மூச்சுவிட இடம் தருவது அதன் அன்றாட வேலை. பழுத்து மஞ்சளான ‘டி’ என்னும் செடியின் இலையை ஒத்திருப்பதால் ஹவாயி மக்கள் அதற்கு ‘லாவீபாலா’ என்று பெயரிட்டனர். உலகெங்கும் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்போர் விரும்பிக் கேட்டதும் இம்மீனையே. மேற்கு ஹவாயியில் தொட்டிகளுக்காகப் பிடிக்கப்பட்ட மீன்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இந்த ஒரே இனம்.

1990களில் சுற்றுலாப் பயணிகளை ஆழ்நீச்சலுக்கு அழைத்துச் செல்வோருக்கும் மீன் சேகரிப்போருக்கும் இடையே மோதல் முற்றியது. முன்பு மஞ்சள் மேகம்போல் தெரிந்த பாறைகள் வெறிச்சோடிவிட்டன என்பது முன்னவர் புகார். ஆய்வாளர்கள் சேகரிப்பு நடக்கும் இடங்களையும் நடக்காத இடங்களையும் ஒப்பிட்டனர். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 10 இனங்களில் 7 இனங்கள் சேகரிப்பு நடந்த இடங்களில் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தன. புகாரில் உண்மை இருந்தது. அதே ஆய்வில் மற்றொன்றும் தெரியவந்தது. பவளத்துக்குச் சேதம் நேர்ந்ததற்கான தடயம் அங்கே கிடைக்கவில்லை. சேகரிப்போர் நுண்வலைகளைக் கையாண்டார்களே தவிர, பாறைகளை உடைக்கவில்லை.

மூடிய கடலும் பெருகிய மீனும்

1998ஆம் ஆண்டு ஹவாயிச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. மேற்குக் கரையில் குறைந்தது 30 விழுக்காட்டுப் பகுதியில் தொட்டி மீன் சேகரிப்பு அறவே கூடாது என்றது அச்சட்டம். எந்தெந்தப் பகுதி என்பதை அதிகாரிகள் தாமாகக் கோடு கிழித்துத் தீர்மானிக்கவில்லை. மீனவர், ஆழ்நீச்சல் தொழிலோர், சேகரிப்போர், சூழல் ஆர்வலர் ஆகியோர் ஒரே மன்றத்தில் அமர்ந்து பேசி 9 இடங்களைத் தேர்ந்தெடுத்தனர். 1999ஆம் ஆண்டின் இறுதி நாளில் அவை மூடப்பட்டன. ஏற்கெனவே மூடியிருந்த பகுதிகளையும் சேர்த்தால் கரையின் 35 விழுக்காட்டுக்கு மேல் சேகரிப்பு நின்றது. 2013இல் மேலும் ஒரு விதி வந்தது: பட்டியலிட்ட 40 இனங்களைத் தவிர வேறு மீனைத் தொட்டிக்காகப் பிடிக்கக்கூடாது.

பலன் என்ன? மூடிய பகுதிகளில் மஞ்சள் டாங் 60 விழுக்காட்டுக்கு மேல் பெருகியதாக மாநில அரசின் கணக்கெடுப்புகள் தெரிவித்தன. 30 முதல் 60 அடி ஆழத்தில் மட்டும் கரை முழுவதும் 2012-13இல் சுமார் 36 லட்சம் மஞ்சள் டாங் இருந்ததாக அரசு மதிப்பிட்டது. மூடாத பகுதிகளில் சேகரிப்புத் தொடர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே இந்த உயர்வு நிகழ்ந்தது.

வங்கியில் வேலை பார்ப்போருக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். மஞ்சள் டாங் 40 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. சேகரிப்போர் விரும்புவதோ இரண்டு முதல் நான்கு அங்குலம் வரையுள்ள குஞ்சுகளை. பெரிய மீன் தொட்டிக்கு ஒவ்வாது, விலையும் போகாது. ஆகவே முட்டையிடும் வயதை எட்டிய மீன்கள் ஆண்டுக்கணக்கில் பாறையிலேயே தங்கிவிடுகின்றன. அவை அசல். ஆண்டுதோறும் கடலில் மிதந்து வந்து பாறையில் குடியேறும் குஞ்சுகள் வட்டி. அக்குஞ்சுகளில் பெரும்பகுதி எப்படியும் பெரிய மீன்களுக்கு இரையாகும். அசலைத் தொடாமல் வட்டியில் ஒரு பங்கை எடுத்தால் கணக்கு குறையாது என்பதே சேகரிப்போரின் வாதம்.

மூடிய பகுதியின் வட்டி அந்த எல்லைக்குள்ளேயே நின்றுவிடுவதும் இல்லை. 2010இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, மேற்கு ஹவாயிக் குஞ்சுகளின் பெற்றோர் எங்கே உள்ளன என்று தேடிப் பார்த்தது. பெற்றோர் இருந்த இடத்திலிருந்து 184 கிலோமீட்டர் தொலைவு வரை சென்று குஞ்சுகள் குடியேறியிருந்தன. ஓரிடத்தில் சேமித்தால் வேறோரிடத்தில் வரவு வரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இருப்பு மட்டும் போதுமா?

இத்துடன் வழக்கு முடிந்திருக்க வேண்டும். ஆனால் முடியவில்லை. 2017 செப்டம்பரில் ஹவாயி உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு எதுவும் செய்யாமல் சேகரிப்பு அனுமதிகளை வழங்கியது செல்லாது எனத் தீர்ப்பளித்தது. மேற்குக் கரையில் தொழில் நின்றது. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நீதிமன்ற ஆணையின் விளைவாக மாநிலம் முழுவதும் வணிகச் சேகரிப்பு நின்றது. இதனிடையே சேகரிப்போர் தயாரித்தளித்த மதிப்பீட்டு அறிக்கையை மாநில நில, இயற்கை வள வாரியம் 2020இல் நிராகரித்தது. திருத்திய அறிக்கை 2021இல் வந்தபோது வாரிய உறுப்பினர் மூவர் ஏற்க, மூவர் மறுத்தனர். உரிய காலத்தில் முடிவெடுக்கப்படாததால் சட்டப்படி அது ஏற்கப்பட்டதாகக் கருதப்பட்டது. 2024இல் உச்ச நீதிமன்றமும் அந்நிலையை உறுதிசெய்தது. அறிக்கை செல்லும் என்பது வேறு, அனுமதி தரலாமா என்பது வேறு. இரண்டாவது கேள்வியின் மீதான போராட்டம் பின்னரும் தொடர்ந்தது.

மீன் பெருகியிருக்கும்போது எதிர்ப்பு ஏன்? எதிர்த்தோரின் காரணங்களைப் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

முதலாவது, மஞ்சள் டாங்குக்கு நன்மை செய்த விதி எல்லா மீனுக்கும் அவ்வாறே பயன்படவில்லை. கருமேனியில் செம்மஞ்சள் தீற்றல் கொண்ட ‘அக்கிலிஸ் டாங்’ உணவுக்காகவும் பிடிக்கப்படுகிறது, தொட்டிக்காகவும் பிடிக்கப்படுகிறது. அதன் எண்ணிக்கை தேறவில்லை. ஒரு கணக்கில் இருப்பு உயர்ந்தது என்பதற்காக மற்றொரு கணக்கின் சரிவை மறைக்க முடியாது.

இரண்டாவது, பாறைக்கே ஆபத்து வந்துவிட்டது. 2015இல் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானதால் மேற்கு ஹவாயியின் பவளங்களில் ஏறத்தாழப் பாதி அழிந்தது. அதற்குத் தொட்டி வணிகம் காரணம் அன்று. ஆயினும் நோயிலிருந்து மீளும் பாறைக்குப் பாசியை மேயும் மீன்கள் எந்நாளையும்விட இப்போது தேவை. இந்நேரத்தில் அவற்றைப் பிடித்து அனுப்பலாமா என்று கேட்கின்றனர்.

மூன்றாவது, மீன் படும் துன்பம். ஆழத்திலிருந்து விரைவாக மேலே கொண்டுவரும்போது மீனின் காற்றுப்பை விரிந்துவிடுகிறது. அதைச் சரிசெய்ய ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றும் பழக்கம் உண்டு. பின்னர் நெகிழிப் பையில் பல மணி நேர விமானப் பயணம். 40 ஆண்டு வாழக்கூடிய உயிர் தொட்டியில் சில ஆண்டுகளில் மடிவதும் அரிதன்று.

நான்காவது காரணமே நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது. ஹவாயியின் பூர்வகுடி மீனவர் பலர், கடலிலிருந்து உண்ண எடுப்பது மரபு, பார்த்து மகிழ எடுத்து அயல்நாட்டுக்கு விற்பது மரபன்று என்கின்றனர். வழக்காடியவர்களில் மிலோலியீ என்னும் பழைய மீனவச் சிற்றூரைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். இவர்கள் எழுப்பியது எண்ணிக்கை பற்றிய கேள்வி அன்று. உரிமை பற்றிய கேள்வி. கணக்கில் போதிய இருப்பு உள்ளது என்பதற்காக எவர் வேண்டுமானாலும் பணம் எடுத்துவிட முடியாது. கணக்குக்கு உரியவரின் கையொப்பம் வேண்டும். அறிவியலாளர் இருப்பைச் சொல்லலாம். கையொப்பமிட வேண்டியவர் யார் என்பதை அறிவியல் சொல்லாது. இந்த வழக்கு இத்தனை ஆண்டுகள் நீண்டதற்குக் காரணம், ஒரு தரப்பு இருப்பைப் பற்றியும் மறுதரப்பு கையொப்பத்தைப் பற்றியும் பேசியதே என்று நாம் கருதுகிறோம்.

வட்டி தராத கணக்கு

ஹவாயிக் கதையைக் கேட்டுவிட்டு, குஞ்சுகளைப் பிடிப்பதால் எங்கும் தீங்கில்லை என்று முடிவுகட்டினால் அது பெரும்பிழை. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவுக்குக் கிழக்கே பாங்காய்த் தீவுக்கூட்டம் உள்ளது. வெள்ளி உடலில் கருங்கோடுகளும் வெண்புள்ளிகளும் கொண்ட ‘பாங்காய் கார்டினல்’ என்னும் சிறு மீனின் தாயகம் அது. 1990களின் நடுவில் உலகச் சந்தைக்கு அது அறிமுகமாயிற்று. சில ஆண்டுகளிலேயே ஆண்டுக்கு 6 லட்சம் முதல் 7 லட்சம் மீன்கள் பிடிக்கப்படுவதாக மதிப்பிடப்பட்டது.

இம்மீனின் ஆண், முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கிறது. குஞ்சு பொரித்த பின்னும் சில நாள் வாயிலேயே காக்கிறது. அதுவரை அது இரை உண்பதில்லை. வாயிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் சில பத்துகளே. அவை கடலில் மிதந்து செல்வதில்லை. அருகிலிருக்கும் கடல் முள்ளெலியின் நீண்ட முட்களுக்கிடையே ஒதுங்கி, பிறந்த இடத்திலேயே வாழ்ந்து முடிகின்றன. ஆகவே ஒரு விரிகுடாவில் அம்மீன் அற்றுப்போனால் பக்கத்துத் தீவிலிருந்து வந்து நிரப்ப எவரும் இல்லை. மஞ்சள் டாங் கடலெங்கும் கிளைகள் உள்ள வங்கி என்றால், பாங்காய் கார்டினல் வீட்டுப் பானையில் வைத்த பணம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2007இல் அதை அருகிவரும் இனமாக அறிவித்தது. 2018இல் இந்தோனேசிய அரசு தன் அளவில் வரையறுத்த பாதுகாப்பை வழங்கியது.

பிடிக்கும் முறையும் முக்கியம். பிலிப்பைன்ஸில் 1960களில் பரவிய ஒரு வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. சோடியம் சயனைடு வில்லைகளை நீரில் கரைத்து, பாறை இடுக்குகளில் பீய்ச்சுவார்கள். மயங்கிய மீனைக் கையால் அள்ளலாம். நஞ்சு பட்ட பவளம் வெளுத்து மடியும். பிழைத்ததாகத் தோன்றும் மீன்களில் பல, வாங்கியவர் வீட்டில் சில வாரங்களுக்குள் காரணம் தெரியாமல் இறக்கும். வாங்கியவர் தம் பராமரிப்பில் குறை இருந்ததோ என்று வருந்திவிட்டு மற்றொரு மீனை வாங்குவார். அந்த இரண்டாவது விற்பனைதான் நஞ்சுக்குக் கிடைக்கும் கூலி.

பண்ணையில் பிறந்த கடல் மீன்

கடலிலிருந்து எடுக்காமல் நன்னீர் மீன்களைப்போலவே இனப்பெருக்கம் செய்தால் என்ன? சில இனங்களில் இது எளிது. 2003இல் வெளியான திரைப்படத்தால் ‘நிமோ’ என்று குழந்தைகளுக்குத் தெரிந்த கோமாளி மீன், பாறையில் முட்டைகளை ஒட்டிவைத்துக் காவல் காக்கும். தொட்டியிலும் அவ்வாறே செய்யும். எனவே இன்று கடைகளில் பண்ணைக் கோமாளி மீன் தாராளமாகக் கிடைக்கிறது. பாங்காய் கார்டினலையும் பண்ணைகளில் பெருக்க முடிகிறது.

மஞ்சள் டாங் அப்படியன்று. திறந்த கடலில் முட்டைகளைத் தூவிவிட்டுப் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத அளவில் பொரியும் குஞ்சின் வாய் மிகச் சிறிது. வழக்கமாகக் குஞ்சுகளுக்குத் தரும் இரைகூட அதற்குப் பெரிது. இறால் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்களின் குஞ்சுகளை வளர்த்துக் கொடுத்துப் பார்த்து, பல ஆண்டு முயற்சிக்குப் பின் 2015இல் ஹவாயியின் கடல்சார் ஆய்வு நிறுவனம் ஒன்று அதைச் சாதித்தது. அடுத்த ஆண்டு ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தார் ‘டோரி’ எனப் புகழ்பெற்ற நீல டாங்கையும் வளர்த்தெடுத்தனர். ஹவாயியில் சேகரிப்பு நின்ற பின் பண்ணை மஞ்சள் டாங்கே சந்தைக்கு வந்தது. விலை மட்டும் பழைய விலையைப்போல் பல மடங்கு.

பண்ணை மீனே அறம் சார்ந்தது என்று இங்கே முடித்துவிட நமக்கும் ஆசைதான். ஆனால் ஏட்டின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பிரேசிலின் அமேசான் காட்டில், ரியோ நெக்ரோ ஆற்றங்கரையில் உள்ள பார்செலோஸ் என்னும் ஊர் ‘கார்டினல் டெட்ரா’ என்னும் நன்னீர் வண்ண மீனை நம்பி வாழ்ந்தது. காட்டு ஓடைகளில் சிறு படகிலும் கைவலையிலும் பிடிக்கும் தொழில் அது. காடு நிலைத்தால்தான் ஓடை நிலைக்கும், மீன் நிலைக்கும் என்பதால் மக்களுக்குக் காட்டைக் காப்பதில் தன்னலமே இருந்தது. உலகின் வேறு பகுதிகளில் அதே மீன் பண்ணைகளில் பெருகியதும் பார்செலோஸின் வணிகம் சுருங்கியது. மீனால் வருவாய் இல்லாத காட்டைக் காக்கும் ஆர்வம் எத்தனை நாள் நீடிக்கும்? பவளப்பாறை ஓர மீனவ ஊருக்கும் இக்கேள்வி பொருந்தும். பாறை உயிரோடிருப்பதால் ஆதாயம் பெறுபவர் அருகிலேயே இருப்பது பாறைக்கு நல்லது.

நம் நாட்டுக் கடலில்

இந்தியாவில் சட்டம் இதில் சில இடங்களில் மிகக் கடுமையானது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் பவளங்களும் கடற்குதிரைகளும் 2001இல் சேர்க்கப்பட்டன. தொட்டி அழகுக்காக ஒரு துண்டு உயிர்ப்பவளத்தை வாங்குவதோ, உலர்ந்த கடற்குதிரையைப் பரிசாகக் கொண்டுவருவதோ, புலித்தோல் வைத்திருப்பதைப்போலவே தண்டனைக்குரிய குற்றம். 21 தீவுகளை உள்ளடக்கிய மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் வண்ண மீன் பிடிப்பதற்கும் இடமில்லை. 2017இல் மத்திய அரசு மீன்தொட்டிக் கடைகளுக்கென விதிகளை வெளியிட்டு, 158 இனங்களின் விற்பனையைத் தடுத்தது. வண்ண மீன் தொழிலோர் எதிர்ப்புத் தெரிவித்தனர். விதிகள் திரும்பப் பெறப்பட்டன. ஆகவே பாறை மீன்களில் பலவற்றைப் பொறுத்தவரை முடிவு இன்றும் பெரும்பாலும் வாங்குபவர் கையிலேயே உள்ளது.

ஆறுதலான செய்திகளும் உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விழிஞ்ஞம், மண்டபம் மையங்கள் கோமாளி மீன்கள் உள்ளிட்ட பல கடல்வண்ண மீன்களைப் பொரிப்பகத்தில் பெருக்கும் முறைகளை உருவாக்கியுள்ளன. இலட்சத்தீவுகளில் ஒன்றான அகத்தியில், தேசிய மீன் மரபணு வளப் பணியகம் உள்ளூர்ப் பெண்களுக்கு வண்ண இறால்களையும் கோமாளி மீன்களையும் வளர்க்கப் பயிற்சி அளித்து வருகிறது. பார்செலோஸ் எழுப்பிய கேள்விக்கு அகத்தி ஓரளவு விடை தருகிறது எனலாம். பண்ணை தொலைதூர நகரத்தில் இல்லாமல் பாறையின் அருகிலேயே, அப்பாறைக்கு உரிய மக்களின் கையிலேயே இருந்தால் மீனும் தப்பும். வருவாயும் ஊரைவிட்டுப் போகாது.

இத்தொழிலில் ஈடுபட விரும்பும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு சொல். 2020இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின்கீழ் வண்ண மீன் வளர்ப்பு அலகுகளுக்கு மானியம் உண்டு. திட்ட மதிப்பில் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் என அது வரையறுக்கப்பட்டது. கிசான் கடன் அட்டை வசதியும் மீன் வளர்ப்போருக்கு நீட்டிக்கப்பட்டுள்ளது. விண்ணப்பிக்கும் முன் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் நடப்பு விதிகளைக் கேட்டறிவது நலம்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

உப்புநீர்த் தொட்டி வைக்க விரும்பும் குடும்பங்கள் கடைக்காரரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இம்மீன் பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா? கடலில் பிடித்தது எனில் எந்த நாட்டில், எந்த முறையில்? முழு வளர்ச்சியில் இது எவ்வளவு பெரிதாகும், எத்தனை ஆண்டு வாழும்? முதல் இரண்டுக்கு விடை கிடைக்காத மீனை வாங்காதிருப்பதே நல்லது. பத்திரம் இல்லாத நிலத்தை, விலை மலிவு என்பதற்காக நாம் வாங்குவதில்லை அல்லவா? மூன்றாவது கேள்வியின் விடையை நம் தொட்டியின் அளவோடும் நம் பொறுமையோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புதிதாகத் தொடங்குவோர் நன்னீர்த் தொட்டியில் ஓராண்டு பழகிவிட்டு, பண்ணைக் கோமாளி மீன் ஒரு இணையோடு உப்புநீருக்கு மாறுவது பணத்தையும் உயிர்களையும் மிச்சப்படுத்தும். மற்றொன்று: தொட்டி சலித்துவிட்டால் மீனை எக்காரணம் கொண்டும் கடலிலோ ஏரியிலோ விடக்கூடாது. வணிகர் வழியே வெளியேறிய பாங்காய் கார்டினல், தன் தாயகத்துக்கு அப்பால் லெம்பே நீரிணையில் அயல் இனமாகக் குடியேறிவிட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பவளப்பாறை மீனைத் தொட்டிக்காகப் பிடிப்பது சரியா, தவறா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை இல்லை. ஒவ்வொரு மீனுக்கும் தனிக் கணக்கு உண்டு. ஒவ்வொரு பாறைக்கும் உரியவர் உண்டு. மஞ்சள் டாங்குக்கு எழுதிய தீர்ப்பைப் பாங்காய் கார்டினலுக்குப் படிக்க முடியாது. இருப்பு எவ்வளவு, உரியவர் ஒப்பினாரா, எடுத்த முறை நேர்மையானதா என்ற மூன்றையும் பார்த்த பின்னரே பணம் கொடுப்பது என்று வாங்குவோர் பழகிவிட்டால், சட்டம் எட்டாத தொலைவிலுள்ள கடலிலும் அதன் பயன் தெரியும். சயனைடு பீய்ச்சுபவருக்கு நீதிமன்றத்தைவிட அஞ்சத்தக்கது, தம் சரக்கை வாங்க ஆளில்லாத சந்தை.